எஞ்சின் புகையும் நம் உயிரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"நீ கொச்சியில ஒம்பது வருஷம் படகு எஞ்சினோட மல்லுக்கட்டினவன். அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். எனக்குத் தயக்கம். கடல் இல்லாத தேனி மாவட்டத்தில் வந்து படகைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? பிறகு யோசித்தேன். லோயர் கேம்ப்பில் மலையேறிக் குமுளியைத் தாண்டினால் தேக்கடி. நம் கம்பம் பள்ளத்தாக்கின் இரு போக நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரி அது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணைக்கு நம் தமிழகப் பொறியாளர்கள் இன்றும் பெரும்பாலும் அங்கிருந்து படகில்தான் போய் வருகிறார்கள். 'கண்ணகி', 'ஜலரத்னா' என்ற அந்தப் படகுகளின் பெயர்கள் செய்தித்தாள் படிக்கிற நம் எல்லோருக்கும் பழக்கம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாமும் தேக்கடிக்குத்தான் கூட்டிப்போகிறோம். ஆகவே படகு நமக்கு அந்நியமில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகில் ஏறுகிற எவரும் முதலில் கேட்பது, "லைஃப் ஜாக்கெட் இருக்கா?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் "எஞ்சின் புகை எந்தப் பக்கம் போகுது?" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். படகில் தொடங்கவில்லை, எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தொடங்குகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2003-ம் வருஷ வறட்சி நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது 14 வயது. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணறு 60 அடி. தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தூர் வாரலாம் என்று முடிவானது. மேலே எஞ்சினை வைத்து இறைக்க முடியாது. பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது என்பது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுவதுதான். கணக்குப்படி 34 அடி. நடைமுறையில் 22, 25 அடி ஏறினாலே பெரிது. ஆகவே வாடகைக்கு எடுத்த எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருந்த திட்டில் இறக்கினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற எஞ்சின்.

எங்கள் சித்தப்பா விவரமானவர். "கெணத்துல வெசக்காத்து இருக்கும்டா" என்று அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்த்தார். விளக்கு ஜோராக எரிந்தது. அதை அங்கேயே தொங்கவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் அண்ணன் உள்ளே இறங்கி எஞ்சினை ஓட்டினார். (பெயர் சொல்லவில்லை. அவர் பிள்ளைகள் இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.) அரை மணி நேரம் இருக்கும். படியில் உட்கார்ந்தவர் தலையைத் தொங்கப் போட்டார். "என்னடா, தூங்குறியா?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். பதில் இல்லை. சித்தப்பா இறங்கப் போனார். என் அப்பா விடாப்பிடியாக அவர் இடுப்பில் கயிறு கட்டினார். அந்தக் கயிறுதான் அவர் உயிர். பத்துப் பன்னிரண்டு படி இறங்கியதுமே கால் மடங்கிவிட்டது. மேலே இழுத்துப் போட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து முகத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கி அந்த அண்ணனைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

கிணற்று விளிம்பில் நின்றுகொண்டிருந்த என் கண்ணில் பட்டது ஒன்று. அந்த விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பெரியவர்கள் "முனி அடிச்சிருச்சு" என்றார்கள். படித்தவர்கள் "ஆக்சிஜன் இல்ல" என்றார்கள். ஆக்சிஜன் இல்லாமல் விளக்கு எப்படி எரியும்? இந்தக் கேள்வியோடுதான் நான் இந்தக் கல்லூரியின் மெக்கானிக்கல் வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் ஆண்டு எஞ்சின் லேபில் ஒருநாள் புகையை அளக்கிற கருவியைச் சைலன்சரில் செருகி, எங்கள் பேராசிரியர் வாசிக்கச் சொன்னார். கார்பன் மோனாக்சைடு 100-க்கு 4 பங்கு என்று காட்டியது. "100-க்கு 4 என்றால் பத்து லட்சத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். 40,000 என்றேன். "பத்து லட்சத்துக்கு 1,200 இருந்தாலே உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்றார். சார் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நான் ஏன் லேபை விட்டு வெளியே போய் நின்றேன் என்று சார் கேட்கவில்லை. இன்று சொல்லிவிட்டேன். எனக்கு எட்டு வருஷம் கழித்துப் பதில் கிடைத்த இடம் அது.

அந்தப் பதிலை எளிதாகச் சொல்கிறேன். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ முழுதாக எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடு, நாம் கரியமில வாயு என்கிறோமே அது. அரைகுறையாக எரிந்தால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வருகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பின்னதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் கமறாது, கண் எரியாது. புகையில் நாம் முகர்வது எண்ணெய் வாடையைத்தான். இந்த வாயுவை அல்ல. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் சீட்டுக்கு ஒருவன் துண்டைப் போட்டுவிட்டு இறங்காமலே இருக்கிற மாதிரி. காற்றில் ஆக்சிஜன் இருக்கும். உடம்புக்குள் ஏற இடம் இருக்காது.

இப்போது விளக்குக்கு வாருங்கள். காற்றில் 100-க்கு 21 பங்கு ஆக்சிஜன். அது 16, 17-க்கு இறங்கினால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் 1,200 என்பது 100-க்கு 0.12 பங்குதான். அதனால் ஆக்சிஜன் கணக்கில் பெரிய மாற்றம் வராது. விளக்குக்கு ஹீமோகுளோபின் கிடையாது. அது பாட்டுக்கு எரியும். நம் முன்னோர் விளக்கு இறக்கிப் பார்த்தது தவறல்ல. எஞ்சின் இல்லாத காலத்துக் கிணற்றுக்கு, கரியமில வாயு தேங்கிக் காற்று கெட்ட கிணற்றுக்கு, அது ஓரளவு உதவிய சோதனை. எஞ்சினை உள்ளே இறக்கிய பிறகு அந்தச் சோதனை நம்மை ஏமாற்றுகிறது. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விளக்கும் வைத்திருந்தார்கள், கூண்டில் கேனரிக் குருவியும் வைத்திருந்தார்கள். குருவி இந்த வாயுவுக்காகத்தான். 1986-ல்தான் குருவியை விட்டுவிட்டு மீட்டருக்கு மாற முடிவு செய்தார்கள்.

விளக்கு என்னை ஏமாற்றியபோது நான் சிறுவன். இனிச் சொல்லப் போவது, பட்டம் வாங்கி, படகு எஞ்சின் பொருத்துவதே தொழில் என்று ஆன பிறகு நான் ஏமாந்த கதை. இதில் குற்றவாளி நான்தான், வேறு யாருமில்லை.

2021 ஜூலை. கொச்சிக்குத் தெற்கே வேம்பநாட்டுக் காயல். எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு, பின்னால் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின், மேலே கூரை, சுற்றிலும் சுருட்டி இறக்கும் பிளாஸ்டிக் திரை. எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்க்கிறோம். நான், படகோட்டும் சேட்டன், என் உதவியாள் தம்பி, இன்னும் இரண்டு பேர். மழை பிடித்துக்கொண்டது. "முன்னாலயும் பக்கத்துலயும் திரையை இறக்கிருப்பா" என்று சொன்னவன் நான். பின்பக்கம் மட்டும் திறந்திருந்தது; எஞ்சின் இருக்கிறதே. மெதுவாகவே போனோம். முக்கால் மணி நேரத்தில் எனக்குத் தலைவலி. முந்தின இரவு தூக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். பின் இருக்கையில் இருந்த தம்பி, "அண்ணே, கொமட்டுதுண்ணே" என்றான். "தண்ணியில புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன். முதலுதவிப் பெட்டியில் கொரோனாவுக்காக வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது. அவன் விரலில் மாட்டினேன். 98. "நல்லாத்தான்டா இருக்க" என்று சிரித்தேன்.

சற்று நேரத்தில் அவன் வாந்தியெடுக்க எழுந்தவன், எஞ்சின் பக்கமாகக் குனிந்து அப்படியே சரிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் தண்ணீரில் விழுந்திருப்பான். படகோட்டும் சேட்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு, "சாரே, அந்தத் திரைய பொக்கு!" என்று கத்தினார். ஏழாவது வரை படித்தவர். பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. பின்னால் மட்டும் திறந்திருக்கும் படகு ஆளை மயக்கும் என்று மட்டும் தெரியும். கணக்குத் தெரிந்த நான் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தான். இப்போது போடியில் நன்றாக இருக்கிறான், அவன் கல்யாணத்துக்கும் போய் வந்தேன். மறுவாரம் ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வாங்கி, அதே படகில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். திரை திறந்திருந்தபோது முன் இருக்கையில் ஒற்றை இலக்கம். திரையை இறக்கியதும் பின் இருக்கையில் அபாய மணி அலறியது.

திறந்த காயலில், மழைக்காற்றில், இது எப்படி நடக்கும்? நம்மூர் மண் ரோட்டில் பஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் தூசி இருக்காது. பின்கண்ணாடி முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். ஓடுகிற வண்டி காற்றைக் கிழித்துப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று பின்னாலிருந்து முன்னோக்கிச் சுருண்டு வருகிறது, தூசியையும் இழுத்துக்கொண்டு. படகும் அப்படித்தான். அதன் முதுகில்தான் எஞ்சின், அங்கேதான் புகை. முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்தால் படகு தன் புகையைத் தானே குடிக்கிறது. பின்காற்று அடித்தால் இன்னும் மோசம்.

ஆக்சிமீட்டர் ஏன் 98 காட்டியது? அது விரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி ரத்தத்தின் சிவப்பைப் பார்க்கிற கருவி. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இந்த வாயு ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒரே சிவப்பு. சாதாரண ஆக்சிமீட்டரால் வித்தியாசம் காண முடியாது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புகையில் மாட்டியவருக்கு ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டினால் நம்பாதீர்கள்.

இது ஏதோ என் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பவல் ஏரி என்று ஒரு பெரிய அணை நீர்த்தேக்கம். 2000 ஆகஸ்டில் அங்கே ஒரு ஹவுஸ்போட்டின் பின்னால் நீந்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், 11 வயதும் 8 வயதும், இறந்தார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகள். ஜெனரேட்டர் புகை படகின் பின்மேடைக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. அரசு ஆராய்ச்சியாளர்கள் பின்னர் அப்படிப்பட்ட படகுகளின் மேடைக்கு அடியில் அளந்தபோது பத்து லட்சத்துக்கு 30,000 வரை இருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டியதில் 1990 முதல் 2000 வரை அந்த ஒரே ஏரியில் படகுப் புகையால் பாதிக்கப்பட்டவர்கள் 111 பேர் என்று தெரிந்தது. முன்பு 'நீரில் மூழ்கி மரணம்' என்று எழுதி மூடிய சிலவற்றுக்கும் உண்மைக் காரணம் இதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்புக் கரியின் புகையில் இரண்டு இளைஞர்கள் தூக்கத்திலேயே போனார்கள். அதே வருஷம் டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து, ஜெனரேட்டர் புகை வண்டியின் தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்ததைக் கண்டுபிடித்தார்கள். கிணறு, படகு, அறை, வண்டி எல்லாவற்றிலும் ஆள் ஒருவன்தான், வேஷம்தான் வேறு.

சரி, என்ன செய்வது? இன்ஜினியர் மேடையேறினால் பட்டியல் இல்லாமல் இறங்கமாட்டான் என்று வீட்டில் சொல்வார்கள். (சிரிப்பு) சுருக்கமாகச் சொல்கிறேன்.

படகில் ஏறினால் முதலில் புகைக்குழாய் எங்கே என்று பாருங்கள். பிள்ளைகளை அதற்குத் தள்ளி முன்பக்கம் உட்கார வையுங்கள். மழையென்றாலும் முன்திரையைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டும். எஞ்சின் ஓடும்போது படகின் பின்மேடையில் உட்காருவதோ, அதைப் பிடித்துக்கொண்டு நீந்துவதோ கூடவே கூடாது. துறையில் கட்டிப்போட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிடாதீர்கள். பக்கத்துப் படகின் புகையும் உங்களுக்கு வரும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு: பெட்ரோல் எஞ்சினைவிட டீசலில் இந்த வாயு வெகுவாகக் குறைவு. ஆனால் இல்லை என்று அர்த்தமில்லை. பராமரிப்பு இல்லாமல் பாரம் இழுக்கும் டீசலும் கக்கும். புகைக்குழாயின் கேஸ்கெட், ரப்பர் ஹோஸ், கிளாம்ப் மூன்றையும் சீசனுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இணைப்பில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது. சில எஞ்சின்களில் புகையோடு தண்ணீரைக் கலந்து வெளியே விடுவார்கள். சத்தமும் சூடும் குறையும், வாடையும் கொஞ்சம் குறையும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையாது, அப்படியே வரும். வாடை இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒரு மீட்டர் வாங்கி ஆள் உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். வசதி வரும்போது மின்சாரப் படகுக்கு மாறலாம். வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றி ஓடுகிறது. அதில் புகையே கிடையாது.

அறிகுறி விஷயத்தில் நாம் தேனிக்காரர்கள் கூடுதலாக ஏமாறுவோம். லோயர் கேம்ப்பிலிருந்து வளைவு வளைவாக மலையேறி வந்தவருக்குப் படகில் தலை சுற்றினால், "மலை ஏறின மயக்கம், பித்தம்" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, பின்னால் இருப்பவருக்கு அதிகம், காற்றோட்டத்துக்கு வந்தால் தெளிகிறது என்றால் புகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே எஞ்சினை நிறுத்தி, ஆளைக் காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "எஞ்சின் புகையில இருந்தார்" என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். "தெளிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போவோம்" என்று விடாதீர்கள்.

கிணற்றுக்கு ஒரே விதி: எரிபொருளில் ஓடும் எஞ்சின் எதுவும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது, எஞ்சினை மேலே வைத்தே இறைக்கும் ஜெட் பம்ப் இருக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கினால் பாசத்தில் பின்னாலேயே இறங்காதீர்கள். கத்துங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். எங்கள் சித்தப்பாவுக்குக் கயிறு இருந்தது. எல்லோருக்கும் இருக்காது.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு நிதியில் நான்கைந்து கார்பன் மோனாக்சைடு மீட்டர்கள் வாங்கி, நம் கல்லூரி எஞ்சின் லேபில் வைப்போம். கோடையில் தூர் வாருகிறவர்கள், ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரர்கள், படகுக்காரர்கள் யார் கேட்டாலும் மாணவர்கள் கொண்டுபோய் அளந்து கொடுக்கட்டும். முதல் மீட்டருக்கான பணத்தை நான் இங்கேயே செயலாளரிடம் கொடுக்கிறேன். அந்தக் கிணற்றிலிருந்து தூக்கிய அண்ணனின் மூத்த மகன் இப்போது கம்பத்தில் பம்ப் செட் மெக்கானிக். மீட்டரை எப்படிப் படிப்பது என்று அவருக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.